எரிந்ததன் எடை

(நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளுக்கு வரும் சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. காலி சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். சந்தேகப்படுகிறவர்கள் எடைபோட்டுக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களில் அது தீர்ந்துவிடுகிறது. அந்த 14.2 கிலோ எங்கே போயிற்று? எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "எரிஞ்சு போச்சு சார்" என்பார்கள். சரி, எரிந்து எங்கே போயிற்று? "காலியாயிடுச்சு சார்." சோறு வெந்தது, எரிவாயு இல்லாமல் ஆயிற்று. பிள்ளைகளைப் பொறுத்தவரை கணக்கு அங்கே முடிந்துவிட்டது.

நாம் தொடர்ந்து போட்டுப் பார்ப்போம். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. எளிமைக்காக முழுவதையும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்; விடை பெரிதாக மாறாது. 116 கிராம் பியூட்டேன் முழுமையாக எரிய 416 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 352 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 180 கிராம் நீரும் உண்டாகும். இதையே 14.2 கிலோவுக்குக் கணக்கிட்டால், அடுப்பு காற்றிலிருந்து ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ நீராவியும் தருகிறது. வாசல் வழியாக ஒருவர் தோளில் சுமந்து கொண்டுவந்த எரிவாயு 14 கிலோ. சமையலறை ஜன்னல் வழியாக யார் கண்ணிலும் படாமல் வெளியே போனது 65 கிலோ.

இந்தக் கணக்குக்கு அணு எடைகளும் பெருக்கல் வாய்ப்பாடும் போதும். ஆனாலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரிந்த பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள்.

காரணம் நாம் பாடத்தைப் பிரித்த விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எரிதல் ஒரு பாடம், புதைபடிவ எரிபொருள்கள் இன்னொரு பாடம். முதல் பாடத்தில் மூன்று நிபந்தனைகள்: எரிபொருள், ஆக்சிஜன், எரிவெப்பநிலை. அதை ஒரு முக்கோணமாக வரைந்து, தீயணைப்பான் படம் ஒன்றையும் போட்டு முடிக்கிறோம். இரண்டாவது பாடத்தில் நிலக்கரியின் நான்கு வகைகள், பெட்ரோலியத்தைப் பின்னக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் படம், கடைசியில் சைக்கிளில் போங்கள் என்று ஓர் அறிவுரை. முதல் பாடம் பரிசோதனைக்கூடத்தில் நடக்கிறது, இரண்டாவது பாடம் சுவரொட்டிப் போட்டியில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தராசை வைக்கவேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படி வைப்பது என்பது பற்றி.

முதலில் பிள்ளைகளின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. விறகு எரிந்தால் ஒரு பிடி சாம்பல் மிஞ்சுகிறது. காகிதம் எரிந்தால் அதுவும் இல்லை. பார்ப்பதை நம்புகிற எவரும் எரிதல் என்றால் குறைதல் என்றுதான் முடிவு கட்டுவார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த வேதியியலாளர்களே பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படித்தான் நினைத்தார்கள். எரியும் பொருள்களுக்குள் ஃபுளோஜிஸ்டன் என்று ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்று ஜெர்மனியின் ஸ்டால் வகுத்த கொள்கை கோலோச்சிய காலம் அது. நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து "காலியாயிடுச்சு சார்" என்கிற பையன் ஸ்டாலுடைய நேரடி மாணவன். அவனைத் தவறு என்று சொல்லி உட்கார வைப்பதற்கு முன் அந்தக் கொள்கை ஏன் விழுந்தது என்று காட்டவேண்டும்.

அது விழுந்தது எடையால். 1772 நவம்பர் 1 அன்று லவாய்சியர் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் முத்திரையிட்ட ஒரு குறிப்பை ஒப்படைத்தார். கந்தகமும் பாஸ்பரசும் எரியும்போது எடை குறையவில்லை, கூடுகிறது என்பது அதன் சாரம். வேறு யாராவது முந்திக்கொண்டால் தனக்குச் சான்று வேண்டுமே என்பதற்காக முத்திரை. அந்த ஆளுக்கு எல்லாவற்றிலும் கணக்கு உண்டு. வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர் அல்லவா. அந்தப் பங்குதான் 1794-இல் அவரைத் தலை வெட்டும் மேடைக்கு அனுப்பியது. 1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து பாரீஸ் வந்த பிரீஸ்ட்லி, தான் பிரித்தெடுத்த ஒரு வாயுவில் மெழுகுவர்த்தி மிகப் பிரகாசமாக எரிவதைப் பற்றி அவரிடம் சொன்னார். ஆக்சிஜனைக் கையில் பிடித்திருந்த பிரீஸ்ட்லி கடைசிவரை ஃபுளோஜிஸ்டனை விடவில்லை. அதை எடைபோட்டுப் பார்த்த லவாய்சியர் புதிய வேதியியலை எழுதினார். வாயுவும் ஒரு பொருள், அதற்கும் எடை உண்டு, அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது எளிதில் வந்த அறிவு அல்ல. நாம் ஒரு பாடவேளையில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இனி பரிசோதனைகளுக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் அதிகம் செய்து காட்டப்படுகிற ஒன்றோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. ஏறிய அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. "பார்த்தீர்களா, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்! அது தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது." எவ்வளவு அழகான விளக்கம்! அத்தனையும் தவறு.

எங்கே தவறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். முதல் தடயம்: தண்ணீர் எப்போது ஏறுகிறது? சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது கொஞ்சம்தான். அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதானால் எரியும்போதே அல்லவா சீராக ஏறவேண்டும்? இரண்டாவது தடயம்: அதே டம்ளர், இப்போது மூன்று மெழுகுவர்த்திகள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் காற்று அதேதான், ஆக்சிஜனும் அதேதான். பிறகு எப்படி? மூன்றாவது தடயத்துக்குக் கூர்ந்த கண் வேண்டும்: டம்ளரைக் கவிழ்க்கும் வேளையில் விளிம்பிலிருந்து சில குமிழ்கள் வெளியேறும். சுடரின் வெப்பத்தில் விரிந்த காற்று தப்பிப் போகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சியது குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. இது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை.

ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்பதும் உண்மையல்ல. மூடிய இடத்தில் ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே மெழுகுவர்த்திச் சுடர் அணைந்துவிடும். செலவானது ஏதோ ஐந்து விழுக்காடு. அதுவும் வெற்றிடமாகிவிடவில்லை, கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. பாரஃபின் மெழுகின் ஒரு மூலக்கூறில் 25 கார்பனும் 52 ஹைட்ரஜனும் இருப்பதாக எடுத்துக்கொண்டால், 38 பங்கு ஆக்சிஜன் உள்ளே போய் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆக, ஐந்து விழுக்காடு ஆக்சிஜன் செலவானால் கன அளவில் குறைவது இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. ஐந்தில் ஒரு பங்கு என்பது டம்ளரின் அளவும் சுடரின் அளவும் கூடிவந்த தற்செயல். இந்தப் பரிசோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. விளக்கத்தை மட்டும் கைவிட்டு, துப்பறிகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டு பாடவேளை பிடிக்கும். பிடிக்கட்டும்.

மெழுகுவர்த்தியைப் பற்றி இன்னொன்று. திரிதான் எரிகிறது, மெழுகு வெறுமனே உருகி வழிகிறது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். சுடரை ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையை ஒரு தீக்குச்சியால் தொட்டால், சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியைச் சுடரின் மேலே ஒரு கணம் பிடித்தால் நீர் முத்துகள் பூக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைக் காட்டலாம். பத்து கிராம் மெழுகு எரிந்தால் 31 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 13 கிராம் நீரும்; இதையும் கரும்பலகையில் போட்டுவிடுங்கள். மைக்கேல் ஃபாரடே ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார், 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு செய்தி. ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டியதற்கு முந்தைய ஆண்டு, 1859-இல், அதே கட்டடத்தின் ஆய்வகத்தில் ஜான் டிண்டல் வாயுக்கள் வெப்பக் கதிர்களை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளக்கத் தொடங்கியிருந்தார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் கதிர்களை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடித்து வைத்துக்கொண்டன. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குடுவை வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதை 1856-இலேயே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்டு எழுதியிருந்தார். சுடரிலிருந்து எது வெளியே வருகிறது, வந்தது காற்றில் என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே கூரைக்குக் கீழே, ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆராயப்பட்டன. அவற்றை இரண்டு பாடங்களாகப் பிரித்தது நாம்தான்.

எடை கூடுவதைக் கண்ணால் காட்ட மக்னீசியம் நாடா இருக்கிறது. வழக்கமாக இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தைக் காட்டி, வெண்சாம்பலைக் காட்டி முடித்துவிடுகிறோம். பாதிச் சாம்பல் புகையாகப் பறந்துவிடுவதால் எடைபோட்டால் குறைந்திருக்கும்; ஸ்டால்தான் ஜெயிப்பார். நாடாவை உப்புத்தாளால் தேய்த்துச் சுருட்டி, மூடியுள்ள மூசைக்குள் வைத்து, அடியில் நன்றாகச் சூடேற்றி, காற்று போக அவ்வப்போது மூடியைச் சற்றே தூக்கி உடனே மூடவேண்டும். ஆறிய பிறகு எடைபோடுங்கள். 24 கிராமுக்கு 40 கிராம் என்பது ஏட்டுக் கணக்கு. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் கொஞ்சம் மக்னீசியம் காற்றிலுள்ள நைட்ரஜனோடும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கூடியிருக்கும். அதுதான் வேண்டும். மூசை இல்லாத பள்ளிகள், மரச்சாமான் பாலிஷுக்குப் பயன்படும் மெல்லிய இரும்பு நாரை வாங்கலாம். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் உதவாது. ஒரு கைப்பிடி இரும்பு நாரை உதறிப் பிரித்துத் தராசில் வைத்துப் பற்றவைத்தால் செந்தணல் ஊர்ந்து பரவும், எண்கள் மேலே ஏறும். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறிய மின்னணுத் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. தட்டின் மேல் ஓர் ஓடு வைக்க மறக்காதீர்கள்.

முழுமையற்ற எரிதலை நான் இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன். ஆனால் வகுப்பில் சுருக்கக்கூடாது, இதில் உயிர் இருக்கிறது. ஆக்சிஜன் போதாதபோது கார்பன் பாதி வழியில் நின்றுவிடுகிறது: ஒன்று புகைக்கரியாக, இல்லை கார்பன் மோனாக்சைடாக. சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யவேண்டும் என்று அம்மாக்களுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடு கரியையும் காட்டாது, மணமும் தராது. எரிவாயு கசிந்தால் நாற்றம் வருகிறதே என்பார்கள் பிள்ளைகள். அது கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படும் மெர்கேப்டனின் நாற்றம். எரிந்து உண்டாகும் மோனாக்சைடுக்கு அந்தக் காவல் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஜன்னல் சாத்திய குளியலறையில் எரிவாயு கீசர், மூடிய அறையில் கணப்புச் சட்டி. இவற்றால் நேரும் சாவுகளுக்கெல்லாம் இந்த முழுமையற்ற எரிதல்தான் விளக்கம்.

இப்போது இரண்டாவது பாடம். புதைபடிவ எரிபொருள் என்றதும் பிள்ளைகள் டைனோசர் படம் வரைகிறார்கள். நம் பக்கத்து நிலக்கரியை வைத்தே இதைச் சரிசெய்யலாம். தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கருநிலக்கரி வருகிறது. ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். அது பெர்மியன் காலத்துத் தாவரங்கள், 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை; டைனோசர்கள் அப்போது பிறக்கவே இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ டைனோசர்கள் அழிந்து வெகுகாலம் கழித்து வந்த காடுகள். முன்னும் சரி, பின்னும் சரி, டைனோசருக்கு இதில் வேலை இல்லை. பெட்ரோலியம் பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் மிச்சம்.

நெய்வேலி கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுத்த பொருள் ஒன்று தண்ணீரோடு வெளிவந்தது என்பதிலிருந்து தொடங்கி, 1956-இல் நிறுவனம் உருவாகி, 1961-இல் முதல் நிலக்கரியை வெட்டி எடுத்ததுவரை. இடையிலிருந்த பெருந்தடை தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். வெட்டிய நிலக்கரியின் எடையிலும் ஏறத்தாழ பாதி ஈரம். எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். ஆகையால்தான் அதன் கலோரி மதிப்பு குறைவு, ஆகையால்தான் அதைத் தொலைதூரம் கொண்டுபோகாமல் சுரங்கத்தின் பக்கத்திலேயே மின் நிலையம் கட்டினார்கள். பீட், லிக்னைட், பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் என்று நான்கு பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்த வரிசையின் பொருள் இப்போது பிடிபடும்: போகப் போக ஈரமும் ஆக்சிஜனும் குறைகின்றன, கார்பன் மிஞ்சுகிறது.

எல்லா எரிபொருளும் ஒன்றல்ல என்பதற்கும் தராசே சாட்சி. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 394 கிலோஜூல் வெப்பமும் கிடைக்கும். 16 கிராம் மீத்தேன் எரிந்தாலும் அதே 44 கிராம்தான், ஆனால் வெப்பம் 890 கிலோஜூல். அதிகமாக வந்தது ஹைட்ரஜன் தண்ணீராக மாறியதில் கிடைத்தது. இயற்கை எரிவாயு நிலக்கரியைவிடத் தூய்மையானது என்று பாடநூலில் ஒரு வரி வரும். அந்த வரிக்குள் இருக்கும் கணக்கு இது. எரியாமல் கசியும் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் மிஞ்சும் வாயுவைக் கொளுத்திவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து கேட்கும். "சார், விறகு எரிஞ்சாலும் கார்பன் டை ஆக்சைடுதானே வருது? அப்ப நிலக்கரியை மட்டும் ஏன் திட்டணும்?" நல்ல கேள்வி. மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபாடே இல்லை. விறகின் கார்பன் சில ஆண்டுகளுக்கு முன்பு, மிஞ்சிப்போனால் சில பத்தாண்டுகளுக்கு முன்பு, காற்றில் இருந்தது. மரம் மறுபடி வளர்ந்தால் திரும்பவும் மரத்துக்குள் போகும். தால்ச்சரின் கார்பன் 25 கோடி ஆண்டுகளாகக் காற்றுப் பக்கமே வராதது. காற்றின் கணக்கில் அது புது வரவு.

அது வெறும் வாதம் அல்ல, அளக்கக்கூடியது. காற்றிலுள்ள கார்பனில் மிகச் சிறிய பங்கு கார்பன்-14. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சியிருக்காது. ஆகவே நிலக்கரிப் புகை கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். 1955-இல் ஹான்ஸ் சூஸ், அண்மைக் காலத்தில் வளர்ந்த மரக்கட்டைகளில் அந்த விகிதம் குறைந்திருப்பதைக் காட்டினார். பின்னர் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கொட்டிக் கணக்கைக் குழப்பியது வேறு கதை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பிற்பாடு அவருடைய மகன் ரால்ஃப் கீலிங் காற்றின் ஆக்சிஜனை நுட்பமாக அளந்தார். மிக மிகச் சிறிய அளவில் அது ஆண்டுதோறும் குறைகிறது. மூச்சுத் திணறும் அளவுக்கு அல்ல, பிள்ளைகளைப் பயமுறுத்தவேண்டாம். ஆனால் ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, மறுபக்கம் ஆக்சிஜன் குறைகிறது என்றால் ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எரிமலை கக்கியிருந்தால் ஆக்சிஜன் அப்படிக் குறைந்திராது. நம் சிலிண்டர் கணக்கில் இடப்பக்கம் எழுதிய அந்த 51 கிலோதான் உலக அளவில் அங்கே தெரிகிறது.

சுவரொட்டிப் போட்டிகளை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்; வண்ணப் பென்சில்களுக்கும் ஒரு நாள் வேண்டும்தான். அதற்கு மதிப்பெண் மட்டும் போடவேண்டாம். மதிப்பெண் போடுவதற்கு ஒரு கேள்வி தருகிறேன், வரும் பருவத் தேர்வில் கேட்டுப் பாருங்கள்.

"ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகும் என்று நீ சொல்கிறாய். 'முக்கால் கிலோவிலிருந்து எப்படிடா ரெண்டே கால் கிலோ வரும்?' என்று உன் மாமா சிரிக்கிறார். அவருக்குப் புரியும்படி விளக்குக. 5 மதிப்பெண்."

சமன்பாட்டை மட்டும் எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் போடுங்கள். மீதி மூன்றும் மாமாவுக்குப் புரிந்ததா என்பதைப் பொறுத்தது.

இனி உங்கள் கேள்விகள்.